இருளிலும் அழகு கண்டவர்

நுழையும்முன்

திரு.வி.க. என்றவுடன் மேடைத்தமிழும் இதழ்த் தலையங்கமும் தொழிற்சங்கமும் நம் நினைவுக்கு வரும். இப்பாடம் அவருடைய வாழ்வின் இறுதி ஆண்டுகளை முதன்மையாகக் கொண்டு அமைகிறது. அழகையே இறைவனாகக் கண்ட அவர், முதுமையில் கண்ணொளி இழந்து படுக்கையில் வீழ்ந்தபோது தம் நாள்களை எவ்வாறு கழித்தார் என்பதை இதில் அறியலாம்.

முடங்கிய சிறுவன்

சென்னையை அடுத்த போரூருக்கு அருகில் துள்ளம் என்னும் சிற்றூர் உள்ளது. தண்டலம் என இன்று வழங்கும் அவ்வூரில், 1883ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 26ஆம் நாள் கலியாணசுந்தரனார் பிறந்தார். தந்தையார் விருத்தாசலனார், தாயார் சின்னம்மையார். முன்னோர் வாழ்ந்த ஊர் திருவாரூர். ஊரின் பெயரும் தந்தையார் பெயரும் தம் பெயரும் சேர்ந்து திரு.வி.க. என்னும் மூன்றெழுத்தாயின. பிற்காலத்தில் தமிழ்நாடு அவரை அம்மூன்றெழுத்தாலேயே அழைத்தது.

குடும்பம் சென்னை இராயப்பேட்டையில் குடியேறியது. அங்குப் பள்ளியிற் சேர்ந்த சிறுவனை விரைவில் நோய் பற்றிக்கொண்டது. கைகால் முடங்கின, படிப்பு நின்றது. ஒத்த வயதினர் தெருவில் ஓடியாடிய காலத்தில் அவர் ஓரிடத்தில் அமர்ந்திருக்க நேர்ந்தது. பின்னர் நோய் தீர்ந்தது. சிறுவன் மீண்டும் பள்ளி சென்றான். இதனை அவருடைய இளமை வரலாற்றில் ஒரு வரியாகக் கூறிக் கடந்துவிடுவது பலர் வழக்கம். அவ்வாறு கடந்துவிடுதல் சரியன்று என்பது இதனை எழுதுவோர் கருத்து. பிறர் உதவியின்றி எழுந்து நடக்க இயலாத நிலையைத் திரு.வி.க. எழுபதாம் வயதில் முதன்முதலாகக் காணவில்லை. சிறு வயதிலேயே அதனைக் கண்டு மீண்டவர் அவர்.

வெஸ்லி பள்ளியில் யாழ்ப்பாணத்து நா. கதிரைவேற்பிள்ளை அவருக்குத் தமிழாசிரியராக வாய்த்தார். ஆசிரியர்பால் மாணவர் கொண்ட பற்று அளவிறந்தது. வள்ளலாரின் பாடல்கள் தொடர்பாக எழுந்த வழக்கில் ஆசிரியருக்காகச் சான்று கூற நீதிமன்றம் சென்றமையால், திரு.வி.க. பள்ளி இறுதித் தேர்வை எழுத இயலாமற் போயிற்று. அதனோடு அவருடைய பள்ளிக் கல்வி முடிந்தது. ஆசிரியர் 1907இல் மறைந்தபின் அவருடைய வரலாற்றை எழுதி வெளியிட்டார். அதுவே அவருடைய முதல் நூல். அதன்பின் மயிலை தணிகாசல முதலியாரிடம் தமிழும் சைவமும் பயின்றார். சிறிது காலம் ஸ்பென்சர் நிறுவனத்தில் கணக்கராகவும், பின்னர் வெஸ்லி கல்லூரியில் தலைமைத் தமிழாசிரியராகவும் பணியாற்றினார். தேர்வு எழுதாத மாணவர் அதே பெயர் தாங்கிய கல்லூரியில் ஆசிரியரானார்.

அல்லது என்னும் சொல்

திரு.வி.க. எழுதிய நூல்களின் பெயர்களை வரிசையாக நோக்குவோர்க்கு ஒரு சிறப்பு விளங்கும். 'முருகன் அல்லது அழகு', 'பெண்ணின் பெருமை அல்லது வாழ்க்கைத் துணை', 'இமயமலை அல்லது தியானம்', 'பொருளும் அருளும் அல்லது மார்க்ஸியமும் காந்தியமும்' என அவர் ஒரு நூலுக்கு இரு பெயர் சூட்டி, இடையில் அல்லது என்னும் சொல்லை அமைப்பார். நாம் அச்சொல்லை இரண்டனுள் ஒன்றைத் தெரிவு செய்வதற்குப் பயன்படுத்துகிறோம். தேர்வுத் தாளிலும் அஃது அப்பொருளிலேயே வரும். திரு.வி.க.வின் நூற்பெயர்களிலோ அது முன்னதையும் பின்னதையும் ஒன்றெனக் காட்டி நிற்கிறது. முருகனும் அழகும் அவருக்கு வேறல்ல.

'முருகன் அல்லது அழகு' 1925இல் வெளிவந்தது. முருகு என்னும் பழந்தமிழ்ச் சொல்லுக்கு மணம், இளமை, தெய்வத்தன்மை, அழகு ஆகிய பொருள்கள் உண்டு. இந்நான்கும் ஒரு சொல்லில் அடங்கியிருத்தலை அடிப்படையாகக் கொண்டு அந்நூலின் கருத்து வளர்கிறது. பண்டைத் தமிழர் மலையிலும் காட்டிலும் வாழ்ந்தபோது தம்மைச் சூழ்ந்த இயற்கையின் எழிலில் ஈடுபட்டனர். பசுமையான மலைமீதும் நீலக்கடல் மீதும் செங்கதிர் எழுங்காட்சி அவர்தம் உள்ளத்தைக் கொள்ளை கொண்டது. அவ்வழகையே அவர்கள் முருகன் என வழிபட்டனர் என்பது திரு.வி.க. கொண்ட முடிவு. பொன்னாலும் பட்டாலும் கூட்டப்படுவதை அவர் அழகெனக் கொள்ளவில்லை. இயற்கையோடு இயைந்த வாழ்விலிருந்து மாந்தர் விலகிச் செல்வதையே அக்காலத்தின் பெருங்குறையாகக் கருதினார்.

கொங்கு நாட்டு மாணவர்க்கு இதனை விளக்கப் பெருமுயற்சி வேண்டா. போத்தனூர்ச் சந்திப்பின் நடைமேடையில் வண்டிக்குக் காத்திருப்போர், ஆனி ஆடித் திங்களில் சற்றே மேற்கு நோக்கி நின்றால் போதும். பாலக்காட்டுக் கணவாயைக் கடந்து வரும் காற்று முகத்தில் சாரலைத் தெளிக்கும். முகில் விலகும்போது மலைத்தொடர் நீலமாகத் தோன்றும். முகில் மூடும்போது மறையும். 1862ஆம் ஆண்டு முதல் இவ்வழியே இருப்புப்பாதை செல்கிறது. அன்று தொட்டு எத்தனையோ பேர் அங்கு நின்றிருப்பர். அவர்களுள் பலர் கால அட்டவணையைப் பார்த்திருப்பர். சிலர் மலையைப் பார்த்திருப்பர். திரு.வி.க. எந்த ஊரில் இருந்தாலும் மலையைப் பார்க்கும் கூட்டத்தைச் சேர்ந்தவர்.

அந்நூல் வெளிவந்த ஆண்டையும் நோக்க வேண்டும். 1925ஆம் ஆண்டில்தான் காஞ்சிபுரத்தில் தமிழ்நாடு காங்கிரசு மாநாடு திரு.வி.க. தலைமையில் கூடியது. வகுப்புவாரி உரிமைத் தீர்மானம் அம்மாநாட்டில் இடம்பெறாமையால் பெரியார் வெளியேறினார். தமிழக அரசியலின் போக்கையே மாற்றிய பூசல் அது. தலைவர் இருக்கையில் இருந்தவர் நண்பர்கள் இருபாலும் பிரிவதைக் கண்டார். அவ்வாண்டிலேயே மலரையும் மலையையும் கதிரவனையும் பற்றிய நூலை அவர் தமிழுக்குத் தந்தார். அழகைப் பற்றி எழுதுவதற்கு ஓய்வும் அமைதியும் வேண்டுமென்று அவர் காத்திருக்கவில்லை.

இழந்தவையும் ஏற்றவையும்

1912இல் திரு.வி.க. கமலாம்பிகையாரை மணந்தார். மனைவிக்குத் தாமே தமிழ் கற்பித்தார். பிறந்த இரு மக்களும் மழலைப் பருவத்திலேயே மறைந்தனர். 1918இல் அம்மையாரும் நோயுற்று மறைந்தார். ஆறாண்டு இல்லறம் அதனோடு முற்றுப்பெற்றது. அப்போது அவருக்கு வயது முப்பத்தைந்து. பிறகு அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. ஒன்பது ஆண்டுகளுக்குப் பின்னர் அவர் எழுதிய 'பெண்ணின் பெருமை' தமிழில் பெண்ணுரிமை பேசிய முன்னோடி நூல்களுள் ஒன்று.

அம்மையார் மறைந்த அதே 1918ஆம் ஆண்டில், ஏப்பிரல் 27ஆம் நாள், பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. பி.பி. வாடியா அதன் தலைவர், திரு.வி.க. துணைத்தலைவர். இந்தியாவில் முறையாக அமைக்கப்பட்ட முதல் தொழிற்சங்கமாக அதனைக் கூறுவர். சங்கம் என்னும் கருத்து விரைந்து பரவிற்று. பத்தே ஆண்டுகளில், 1928இல் நிகழ்ந்த தென்னிந்திய ரயில்வே வேலைநிறுத்தத்தில் நாகப்பட்டினம், திருச்சிராப்பள்ளிப் பணிமனைத் தொழிலாளருடன் போத்தனூர்ப் பணிமனைத் தொழிலாளரும் ஈடுபட்டனர்.

1917இல் 'தேசபக்தன்' இதழின் ஆசிரியரானார். 1920இல் 'நவசக்தி'யைத் தொடங்கினார். நாட்டு நடப்பையும் அரசியலையும் ஆங்கிலச் சொற்கள் மலிந்த நடையில் எழுதிவந்த காலத்தில், அவற்றை நல்ல தமிழில் எழுத முடியும் என்பதை அவருடைய தலையங்கங்கள் மெய்ப்பித்தன. கல்கி தம் எழுத்துப் பயிற்சியை நவசக்தி அலுவலகத்திலேயே பெற்றார். இதழாசிரியர் பணி கண்ணுக்கு ஓயாத வேலை தருவது. கையெழுத்துப் படிகளைத் திருத்துதல், அச்சுப் படிகளில் பிழை நோக்குதல், பிற ஏடுகளைப் படித்தல் என இரவும் பகலும் அது தொடரும். எண்ணெய் விளக்கும் மங்கிய மின்விளக்கும் இருந்த காலம் அது. இப்பணியை அவர் இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் செய்தார்.

கண்ணிற் படர்ந்த இருள்

அறுபது வயது நிறைந்தபின் 1944இல் தம் 'வாழ்க்கைக் குறிப்புக'ளை வெளியிட்டார். ஒருவருடைய வாழ்வும் ஒரு காலத்தின் வரலாறும் பிணைந்து செல்லும் பெருநூல் அது. வாழ்க்கை வரலாறு எழுதி முடித்தவர் இனி ஓய்வு கொள்வார் என்றே எவரும் எண்ணுவர். நிகழ்ந்ததோ வேறு. 1947இல் சென்னை ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது அரசு அவரை வீட்டுக் காவலில் வைத்தது. நாடு விடுதலை பெற்ற ஆண்டு அது. விடுதலைக்காக முப்பது ஆண்டுகள் பேசியும் எழுதியும் வந்த முதியவர், தம் வீட்டு வாயிலைக் கடக்க உரிமையற்றவராக இருந்தார்.

அதனையடுத்த ஆண்டுகளில் உடல் தளர்ந்தது. கண்ணிற் படலம் படர்ந்தது. எழுத்துக் கலங்கிற்று, பிறகு மறைந்தது.

அக்காலத்துக் கண் மருத்துவம் எந்நிலையில் இருந்தது என்பதை இன்றைய மாணவர் அறிதல் நன்று. கண்ணின் வில்லை ஒளியூடுருவும் தன்மையை இழந்து மங்குவதே கண்புரை. மங்கிய வில்லையை அறுவையால் நீக்குவர். நீக்கிய இடத்தில் வைப்பதற்கு அன்று வேறு வில்லை இல்லை. அறுவைக்குப் பின் பல நாள் தலையை அசையாது வைத்துப் படுத்திருக்க வேண்டும்; பின்னர்த் தடித்த கண்ணாடி அணிய வேண்டும். அப்போதும் பழைய பார்வை முழுமையாகத் திரும்பும் என்னும் உறுதியில்லை. இலண்டன் மருத்துவர் ஹரோல்டு ரிட்லி 1949ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில்தான் கண்ணுக்குள் செயற்கை வில்லையை முதன்முதலாகப் பொருத்தினார். அம்முறை உலகெங்கும் ஏற்கப்படுவதற்கு மேலும் பல ஆண்டுகள் ஆயின. மதுரையில் 1976இல் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய மருத்துவர் கோ. வெங்கடசாமியை இங்கு நினைவுகூரலாம். இளமையில் முடக்குவாதத்தால் விரல்கள் திருகிப்போன அவர், அவ்விரல்களாலேயே கண்ணறுவை செய்யப் பழகிப் பல்லாயிரவர்க்குப் பார்வை தந்தார். இன்று கோவையில் காலையில் மருத்துவமனை சென்று மாலையில் வீடு திரும்பும் பாட்டிமார் பலர். திரு.வி.க.வின் காலத்தில் இந்த எளிமை இல்லை.

அழகே இறை என்றவருக்குக் கண்ணே இல்லையெனின் எஞ்சுவது யாது? அவரை விரும்பாதவர் இதனை எள்ளலாகவும் கேட்டிருக்கலாம். அன்பர் அஞ்சியும் கேட்டிருக்கலாம். அவரே தம்மைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டிய வினா இது. மலையும் கடலும் செங்கதிரும் காணப்படுவதால் அழகு பெறுகின்றன எனின், காணாதவருக்கு முருகன் இல்லை என்றாகிவிடும். முப்பது ஆண்டுகளாக அவர் எழுதியும் பேசியும் வந்த கொள்கை முழுவதும் இவ்வினாவின் முன் நின்றது.

விடை 1950இல் ஒரு நூலாக வந்தது. அதன் பெயர் 'இருளில் ஒளி'.

அது செய்யுள் நூல். அவ்வாண்டிலேயே 'இருமையும் ஒருமையும்' வந்தது. தொடர்ந்து வந்தவையும் செய்யுள் நூல்களே. இதனைக் கூர்ந்து நோக்க வேண்டும். தமிழ் உரைநடைக்கு எளிமையும் இனிமையும் தந்தவர் என்று புகழப்பட்டவர் திரு.வி.க. செய்யுள் அவருக்குப் புதிதன்று. 'பொதுமை வேட்டல்' போன்ற செய்யுள் நூல்களை முன்னரே பாடியிருந்தார். ஆயினும் அவருடைய வாழ்நாட் பணி உரைநடையே. கண் மறைந்தபின் அவர் ஏறக்குறைய முற்றிலும் செய்யுளை நாடியதற்குக் காரணம் உண்டு. உரைநடை தாளில் வளர்வது. எழுதியதை மீளப் படித்து, அடித்து, சேர்த்து, பத்தி பிரித்துச் செம்மை செய்ய வேண்டும். அதற்குக் கண் வேண்டும். செய்யுள் நினைவில் வளர்வது. சீரும் தளையும் எதுகையும் மோனையும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நிற்பதால், இருட்டில் படுத்திருப்பவர் பத்து அடிகளை நெஞ்சிலேயே இயற்றி, சிதையாமல் வைத்திருந்து, அருகில் எழுதுவோர் வந்தபின் சொல்லலாம். ஓலையும் எழுத்தாணியும் அரிதாக இருந்த நாளில் நம் முன்னோர் மருத்துவத்தையும் கணக்கையும்கூடப் பாட்டில் வைத்தமைக்கு உரிய காரணமும் இதுவே. யாப்பு அவருக்குத் தாளாயிற்று. அன்பர்கள் எழுதினர், அவர் சொன்னார்.

இவ்வழியில் அவர் தனியர் அல்லர். அவர் பிறந்த செங்கற்பட்டுப் பகுதியைச் சேர்ந்த அந்தகக்கவி வீரராகவர், பிறவியிலேயே கண்ணற்றவர். முதுகில் எழுதிக்காட்ட எழுத்தறிந்தார் என்பது வழிவழியாக வழங்கும் செய்தி. ஆங்கிலப் பெருங்கவிஞர் மில்டன் 1652அளவில் பார்வையை முற்றும் இழந்தபின், 'இழந்த சொர்க்கம்' என்னும் காவியத்தைப் பிறரைக்கொண்டு எழுதுவித்தார். அது 1667இல் வெளிவந்தது. பிரெஞ்சு ஓவியர் மோனே கண்புரையால் நிறங்கள் திரிந்து தோன்றிய காலத்திலும் தம் தோட்டத்துக் குளத்தின் அல்லிகளை வரைவதை விடவில்லை. இவர்களுடன் திரு.வி.க.வை ஒப்பிடும்போது ஒரு வேறுபாடு புலனாகும். மற்றவர் தாம் மேற்கொண்ட கலையையே தொடர்ந்தனர். திரு.வி.க. தமக்குப் பெரும்புகழ் தந்த கருவியைக் கீழே வைத்துவிட்டு, இருளுக்கு ஏற்ற வேறு கருவியைக் கையில் எடுத்தார்.

உளறலும் பிதற்றலும்

அந்நாளில் இராயப்பேட்டை இன்றுள்ளதுபோல் நெரிசல் மிக்கதன்று. காலையில் காகமும் குருவியும் ஒலிக்கும். தயிர் விற்பாரும் கீரை விற்பாரும் குரல் கொடுத்துச் செல்வர். மாலையில் கடற்காற்று வீசும். கோயில் மணி கேட்கும். கண் மறைந்தவர்க்குப் பொழுது இவற்றால்தான் விடியும், இவற்றால்தான் அடங்கும். முருகு என்னும் சொல்லுக்கு அழகு என்பதற்கு முன்னே மணம் என்னும் பொருளும் உண்டு என்று முன்னர் எழுதியவர் அவர். மணத்தை நுகரக் கண் வேண்டா. தம் நூலில் விளக்கிய நான்கு பொருளுள் எதுவும் விழியை மட்டும் சார்ந்து நிற்பதில்லை என்பதை அவருடைய இறுதிக்கால நூல்களைப் படிப்போர் உணரலாம்.

1951இல் 'பொருளும் அருளும் அல்லது மார்க்ஸியமும் காந்தியமும்' வெளிவந்தது. அவ்வாண்டிலேயே 'சித்தந் திருந்தல் அல்லது செத்துப் பிறத்தல்' வந்தது. அடுத்து வந்த நூலுக்கு அவர் இட்ட பெயர் 'முதுமை உளறல்'. பட்டமும் பாராட்டும் பெற்ற பெரும்புலவர், தம் நூலின் முகப்பில் தாமே உளறல் என்று அச்சிடச் செய்தார். முதியோர் பேச்சை இளையோர் எவ்வாறு மதிப்பர் என்பதை அவர் நன்கறிவார். பிறர் சொல்வதற்கு முன்னரே அச்சொல்லைத் தாமே எடுத்துக்கொண்டார். நோயாளியின் முகத்தில் தோன்றும் இக்குறும்பை நம் வீட்டு முதியோரிடமும் காண்கிறோம். நலம் வினவ வருவோர் தயங்கி நிற்கையில், படுத்திருப்பவர் தாமே நகையாடி அவர்தம் தயக்கத்தைப் போக்குவார்.

இந்நூல்களைக் கவிதைச் சுவைக்காகப் படிப்போர் சில இடங்களில் ஏமாற்றம் அடையக்கூடும். கருத்து முந்திச் செல்ல, ஓசை அதன்பின் வரும் இடங்கள் பல. 'முருகன் அல்லது அழகு', 'பெண்ணின் பெருமை' ஆகியவற்றின் உரைநடையில் காணும் ஓட்டத்திற்கு இவை ஈடாகா என்று கூறுவதில் தவறில்லை. ஆனால், இவை எவ்வாறு பிறந்தன என்பதை அறிந்து படிக்கும்போது வேறொன்று கண்ணிற்படும். நோயைப் பற்றிய முறையீடு இவற்றின் பொருளாக அமையவில்லை. மார்க்சும் காந்தியும் ஒருவர்க்கொருவர் பகைவரா, துணைவரா என்று படுக்கையில் இருந்தவர் ஆராய்கிறார். சமயங்களின் அடிப்படை ஒன்றே என்று காட்ட முயல்கிறார். அருகனைப் பாடுகிறார்; முன்னர்க் கிறித்துவையும் பாடியிருந்தார். அறையின் நான்கு சுவர்களுக்குள் இருந்தவருடைய அக்கறை உலகளாவி நின்றது.

இவையனைத்தையும் நூலாக்கியோரையும் மறத்தலாகாது. தமையனார் உலகநாதனாரின் பொறுப்பில் வளர்ந்த சாது அச்சுக்கூடம், திரு.வி.க.வின் எழுத்துகளைத் தொடர்ந்து வெளியிட்டது. சொல்வதை எழுதியவர், எழுதியதைப் படித்துக் காட்டியவர், எழுத்துக் கோத்தவர், பிழை நோக்கியவர் எனப் பலர் கைகள் அவருடைய கண்களுக்கு ஈடாக உழைத்தன. தமக்கெனச் சொத்துச் சேர்க்காது, கதராடையும் எளிய உணவுமாக வாழ்ந்தவர் அவர். தொழிலாளர் பலரும் தமிழன்பர் பலரும் அவரைத் தம் குடும்பத்துப் பெரியவராகவே கருதினர். மு. வரதராசனார் போன்ற அடுத்த தலைமுறை அறிஞர்கள் அவர்பால் பேரன்பு கொண்டிருந்தனர், மு.வ. பின்னர் அவருடைய வாழ்வையும் எண்ணங்களையும் தனி நூலாகவே எழுதினார்.

1953இல் கடைசி நூல் வெளிவந்தது. அப்போது அவர் படுக்கையை விட்டு எழ இயலாதவராக இருந்தார். அந்நூலுக்கும் தம் வழக்கப்படி இரு பெயர்கள் இட்டார். முதற்பெயர் 'வளர்ச்சியும் வாழ்வும்'. எழுபதாண்டு நிரம்பும் நிலையில், நோயில் வீழ்ந்து கிடப்பவர் எண்ணியது வளர்ச்சியைப் பற்றி. இரண்டாம் பெயர் 'படுக்கைப் பிதற்றல்'. இரண்டிற்கும் நடுவே, முருகனுக்கும் அழகுக்கும் இடையில் இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன்னர் அவர் வைத்த அதே சொல் நிற்கிறது: 'வளர்ச்சியும் வாழ்வும் அல்லது படுக்கைப் பிதற்றல்'.

அவ்வாண்டு செப்டம்பர்த் திங்கள் 17ஆம் நாள் திரு.வி.க. சென்னையில் மறைந்தார். எழுபதாம் பிறந்தநாள் கழிந்து அப்போது மூன்று வாரங்களே ஆகியிருந்தன.